வேஷம் கட்டிய நாளும் உண்டியல் எடுத்த நாளும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வேஷம் கட்டி வரும் நாள்கள் ஆண்டுக்குச் சிலவே. காமராசர் பிறந்தநாளான ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், சுதந்திர தினம், நவம்பர் 14 குழந்தைகள் தினம், குடியரசு தினம், பிறகு ஆண்டு விழா. கிழக்குத் தொடர்ச்சி மலையில் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாதுமலையின் பள்ளிகளுக்கும் இதே நாள்காட்டிதான். ஜமுனாமரத்தூரைச் சுற்றியும் புதூர்நாட்டுப் பக்கத்திலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் பிள்ளைகள், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வனத்துறை நடத்தும் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர், தாய்மொழி தமிழ். வேஷம் கட்டும் நாள்களைப் போலவே, கொடி விற்றும் முத்திரை விற்றும் பொதுக் காரியத்துக்குக் காசு சேர்க்கும் நாள்களும் அரசுப் பள்ளிகளுக்கு உண்டு. இன்று இவை இரண்டும் வெவ்வேறு நாளில் நடக்கும் வெவ்வேறு வேலைகள். வரலாற்றில் இவை ஒன்றாகவே நடந்து வந்தவை; பள்ளிக்கூடத்துக்குள் வந்த பிறகுதான் பிரிந்தன.

தமிழ் ஊர்களில் வேஷம் கட்டியவர் கை நீட்டிக் காசு கேட்பது இழிவாகக் கருதப்பட்டதில்லை, அந்தக் காசு அவருடையது அல்ல என்பதால். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் இதை இன்றும் பார்க்கலாம். நேர்ந்துகொண்டவர்கள் காளியாக, குறவனாக, அரசனாக, போலீஸ்காரனாக, பிச்சைக்காரனாக வேஷமிட்டு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குகிறார்கள். சேர்ந்தது அம்மன் உண்டியலுக்குப் போகிறது. வேஷமிடுவோரில் குழந்தைகளும் உண்டு. வட ஆர்க்காட்டிலும் செங்கல்பட்டிலும் சென்னையிலும் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமமிட்டு, கழுவித் துலக்கிய சொம்புக்கும் நாமமிட்டு, கோவிந்தா என்று குரல் கொடுத்து வீடு வீடாக அரிசி வாங்கும் வழக்கம் பழையது. வசதியான வீட்டுப் பையனும் அன்று சொம்பெடுத்தே ஆகவேண்டும். சொம்பில் விழுந்த அரிசி பெருமாளுக்குப் படைக்கும் தளிகையாகும்.

ஜவ்வாதுமலை எழுந்து நிற்கும் பழைய வட ஆர்க்காட்டு நிலம் தெருக்கூத்தின் தாயகங்களில் ஒன்று. கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இந்த நிலத்து ஊர்தான். கூத்தில் வேஷத்துக்கும் வசூலுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. பாரதக் கூத்து நடக்கும் இரவில் அரிதாரம் பூசி, மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டி, அர்ச்சுனனோ துரியோதனனோ திரைக்குப் பின்னாலிருந்து வருவார். ஆட்டத்தின் நடுவே யாராவது எழுந்து வந்து பணம் கொடுப்பார். கூத்தை நடத்திச்செல்லும் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவர் பெயரையும் ஊரையும் தொகையையும் சபையறியச் சொல்லி வாழ்த்துவான். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். கொடுப்பவர் பெயரைக் கூட்டத்தில் சொல்லிக் கொடையைப் பெருக்கும் இந்த உத்தியைத்தான் பிற்காலப் பள்ளி ஆண்டு விழாக்கள் ஒலிபெருக்கியில் செய்தன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உறவு நாடகக் கொட்டகைக்குள் போனது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் நடித்தவர்கள் சிறுவர்களே. அதற்கு முன்பே, 1891-ல், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியிருந்தார். கம்பெனிகளும் சபைகளும் அவ்வப்போது ஓர் இரவு வசூலைப் பள்ளிக் கட்டடத்துக்கோ அனாதை இல்லத்துக்கோ மருத்துவமனைக்கோ விட்டுக்கொடுத்தன. பெனிபிட் நாடகம் என்று நோட்டீஸில் அச்சிட்ட அந்த இரவுகளுக்குத் தனி மரியாதை இருந்தது. வழக்கமாக நாடகம் பார்க்காத பெரிய மனிதர்களும் முன்வரிசை டிக்கெட் வாங்கினார்கள்.

இந்த மரபின் உச்சம் என்று ஒரு நாடகத்தைச் சொல்லலாம். சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி கணேசன் தன் நாடக மன்றத்தின் மூலம் 1957-ல் சேலத்தில் அரங்கேற்றிய வீரபாண்டிய கட்டபொம்மன் அது. தொடர்ந்து பல ஊர்களில் நடந்த அந்த நாடகத்தின் வசூல் பள்ளிகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நன்கொடையாகப் போனது. 1959-ல் அது திரைப்படமாக வந்தபின் தமிழ்நாட்டில் கட்டபொம்மன் வேஷம் இல்லாத பள்ளி மாறுவேடப் போட்டி அரிது. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாள், ஜிகினா வைத்த தலைப்பாகை, கரிக்கோட்டு மீசை, வரி கேட்ட வெள்ளைக்காரனுக்குச் சொல்லும் மறுமொழியை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் ஒன்பது வயதுப் பையன் என்று மூன்று தலைமுறை கண்ட வேஷம் அது. பள்ளிகளுக்குப் பணம் திரட்டிய வேஷம் பள்ளிப் பிள்ளைகளின் வேஷமாக இறங்கி வந்தது. பையன் கைக்கு வந்தபோது வாளும் வசனமும் வந்தன, வசூல் வரவில்லை.

மற்ற வேஷங்களுக்கும் இப்படிப் பிறப்பிடம் உண்டு. அவ்வையார் வேஷத்தின் நரைமுடியும் கோலும் திருநீறும் 1953-ல் வெளிவந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற கோலத்தைப் பின்பற்றியவை. திருவள்ளுவரின் பஞ்சுத் தாடிக்கும் கொண்டைக்கும் மூலம் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்து 1964-ல் சட்டப்பேரவையில் திறக்கப்பட்ட படம். பாரதியாரின் கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தலைப்பாகையும் அவருடைய புகைப்படங்களிலிருந்து வந்தவை. நேருவுக்குக் கோட்டில் ஒரு ரோஜா போதும். அந்த ரோஜா குழந்தைகள் தினத்தின் சின்னமாகிவிட்டது. ஆனால் அந்த நாளின் தொடக்கத்தில் விற்கப்பட்ட பூ வேறு.

இந்தியாவில் குழந்தைகள் தினம் பணம் திரட்டும் நாளாகவே பிறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டினியில் கிடந்த குழந்தைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 1946 டிசம்பரில் யுனிசெஃப் அமைப்பை உருவாக்கியது. 1948-ல் குழந்தைகளுக்காக உலகெங்கும் நிதி வேண்டுகோள் விடுத்தது. அந்த நிதிக்காக இந்தியாவில் 1948 நவம்பர் 5 மலர் நாளாகக் கொண்டாடப்பட்டது. காசு கொடுத்தவருக்குப் பூச்சின்னம் ஒன்று அடையாளமாகக் குத்தப்பட்டது. இந்த முறை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1912-ல் அரசி அலெக்சாண்ட்ரா தொடங்கிய ரோஜா நாளில் செயற்கை ரோஜாக்களைத் தெருவில் விற்று மருத்துவமனைகளுக்கு நிதி சேர்த்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் பூவுக்குப் பதில் சிறு காகிதக் கொடிகள் வந்தன. கொடிநாள் என்ற வழக்கம் அப்படித்தான் உருவானது.

ஐக்கிய நாடுகள் அவையின் சமூகநல உதவித்தொகையில் பிரிட்டனுக்குப் போயிருந்த வி. எம். குல்கர்னி 1951-ல் அங்கு கண்டது இன்னொரு படி. அரச குடும்பத்துப் பிறந்தநாள் ஒன்றைக் கொடிநாளாக்கி, எக்லன்டைன் ஜெப் 1919-ல் தொடங்கிய குழந்தைகள் காப்பு நிதிக்குப் பணம் திரட்டினார்கள். இந்தியாவில் நேருவின் பிறந்தநாளை அப்படி ஒரு கொடிநாளாக்கலாம், சேரும் பணத்தைக் குழந்தைநல அமைப்புகளுக்குத் தரலாம் என்று அவர் பரிந்துரைத்தார். நேரு முதலில் கூச்சப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். 1954-ல் நவம்பர் 14 குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்பட்டு, டெல்லி தேசிய விளையாட்டரங்கில் 50,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் திரண்டார்கள். 1957-ல் அது அரசின் முறையான அறிவிப்பைப் பெற்றது. அந்த ஆண்டு நவம்பர் 14 அன்று சிறப்பு அஞ்சல்தலைகளும் வெளிவந்தன. அதன்பின் நாள் நிலைத்தது. நிதி திரட்டும் நோக்கம் மெல்ல விலகியது. இனிப்பு, பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. இல்லாத குழந்தைகளுக்காக இருக்கிற குழந்தைகள் பூ விற்ற நாள், எல்லாக் குழந்தைகளும் மிட்டாய் வாங்கும் நாளாக மாறியது. மகிழ்ச்சி கூடியது உண்மை. நோக்கம் சுருங்கியதும் உண்மை.

பள்ளிப் பிள்ளைகள் கையில் நிலைத்த வசூல்கள் வேறு இரண்டு. ஒன்று படைவீரர் கொடிநாள். 1949 டிசம்பர் 7-ல் தொடங்கிய இந்த வழக்கம் முன்னாள் படைவீரர்களுக்கும் உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கும் நிதி சேர்க்கிறது. மற்றது காசநோய் முத்திரை. டென்மார்க்கின் அஞ்சல் அலுவலர் எய்னார் ஹோல்போல் 1904 கிறிஸ்துமஸுக்கு வெளியிடச் செய்த முத்திரைதான் இதற்கு முன்னோடி. காசநோயால் வாடிய குழந்தைகளுக்கு மருத்துவமனை கட்டவே அது விற்கப்பட்டது. 1939-ல் நிறுவப்பட்ட இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950 முதல் காந்தி பிறந்தநாளான அக்டோபர் 2-ஐ ஒட்டி முத்திரைகளை வெளியிட்டது. தாளாக வரும் முத்திரையை ஓட்டை வரிசையில் கவனமாகக் கிழித்து, நாலணா, எட்டணா வாங்கிக்கொண்டு கொடுத்த நினைவு தமிழ்நாட்டில் பலருக்கு இருக்கும். தலைமை ஆசிரியர் மேசைக்குக் கட்டாக வரும் கொடிகளை வகுப்புவாரியாகப் பிரிப்பார்கள். வாங்கிய பிள்ளை சட்டைப் பையில் குண்டூசியால் குத்திக்கொள்ளும். விற்காமல் மிஞ்சியதற்குப் பல இடங்களில் ஆசிரியர்களே கைப்பணம் போட்டுக் கணக்கை முடித்தார்கள். மனமுவந்து கொடுக்கவேண்டிய நன்கொடைக்கு இலக்கு வைத்தது இந்த வசூல்களின் பெரிய குறை. யாருக்குப் போகிறது என்று தெரியாமலே கொடுத்த காசு, பிள்ளையின் மனத்தில் கட்டணமாகவே பதிந்தது.

பள்ளிக்காக ஊரே கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் தொடங்கிய மதிய உணவு, முதலில் ஊராரின் நெல்லிலும் பருப்பிலும் விறகிலும் நடந்தது. பிறகு ஒரு சாப்பாட்டுக்கு அரசு 6 காசு, ஊர் 4 காசு என்ற கணக்கில் நடந்தது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மாநிலம் முழுவதும் பரவின. மாநாட்டுப் பந்தலில் ஒருவர் பெஞ்சு கொடுப்பார், ஒருவர் கூரைக்கு ஓடு, இன்னொருவர் கிணறு, வேறொருவர் பிள்ளைகளுக்குச் சீருடை. ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஒரே துணியில் உட்காரவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் அரசுப் பள்ளிகளில் வேரூன்றியது. 1980-களில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை வந்தது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட்டாக உயர்ந்தது.

சீருடை எல்லோருக்கும் கிடைத்த பிறகுதான் சீருடை இல்லாத நாளுக்கு மதிப்பு வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கலர் டிரெஸ் என்று சொல்கிறார்கள். பிறந்தநாளன்று கலர் டிரெஸ்ஸில் வந்து வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுப்பது எழுதாத சட்டம். ஆசிரியர் அறைக்கு டப்பாவோடு போகும்போது துணைக்கு ஒரு நண்பனை அழைத்துப் போகும் உரிமையும் உண்டு; யாரை அழைப்பது என்பதில் அந்த வாரத்து நட்பெல்லாம் தெரிந்துவிடும். வேஷம் கட்டியவர் வாங்கினார் என்பது பழைய வழக்கம். புதுத்துணி உடுத்தவர் கொடுக்கிறார் என்பது பள்ளிக்கூட வழக்கம். இரண்டிலும் உடையின் மாற்றம் கொடையோடு சேர்ந்தே வருகிறது.

பிரிட்டனில் இதே சேர்க்கை வேறு விதமாக வளர்ந்தது. சீருடை கட்டாயமான பள்ளிகளில் ஒரு நாள் விருப்ப உடையில் வர ஒரு பவுண்டு கொடுக்கவேண்டும். பணம் குழந்தைகள் அறநிதிக்குப் போகும். பிபிசி 1980-ல் தொலைக்காட்சி நிதிதிரட்டலாகத் தொடங்கிய சில்ட்ரன் இன் நீட், 1988-ல் தொடங்கிய சிவப்பு மூக்கு நாள், குழந்தைகள் காப்பு நிதி 2012-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் நாள் ஆகியவை இந்த வழியில் பெரும் பணம் திரட்டின. அமெரிக்காவில் 1950-ல் பிலடெல்பியாவில் ஹாலோவீன் வேஷமிட்ட பிள்ளைகள் மிட்டாய்க்குப் பதில் யுனிசெஃப் நிதிக்குக் காசு கேட்டு வீடு வீடாகப் போனார்கள். புரட்டாசிச் சொம்பை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

இந்தியாவில் நகரப் பள்ளிகள் இந்த முறைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டன. ரிப்பன் கபூரும் நண்பர்களும் 1979-ல் மும்பையில் 50 ரூபாயோடு தொடங்கிய கிரை அமைப்பு, வாழ்த்து அட்டை விற்பனையால் வளர்ந்தது. அதன் அட்டைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் விற்றன. முதியோருக்கான ஹெல்ப்ஏஜ் இந்தியா, மாணவர்கள் கையில் படிவம் கொடுத்து நன்கொடை திரட்டும் வழியைப் பரப்பியது. 2009 முதல் அக்டோபர் 2-ஐ ஒட்டிய வாரம் கொடை வாரமாகக் கொண்டாடப்படுகிறது. இவை எல்லாம் பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் நிகழ்ச்சிகள். விருப்ப உடைக்குப் பணம் வாங்கும் முறை அரசுப் பள்ளியில் வேரூன்றவில்லை. வேரூன்றாததே நல்லது. நல்ல உடை ஒன்றே ஒன்று உள்ள பிள்ளைக்கு, அதை உடுத்தி வருவதற்கும் ஒரு விலை வைப்பது கொடுமை.

இந்த வரலாற்றில் ஜவ்வாதுமலை பெரும்பாலும் வாங்கும் பக்கத்தில் வைக்கப்பட்டது. சாமை, தேன், புளி, பலா என்று விளைவித்தும் சேகரித்தும் வாழும் மலையில், மழை தப்பினால் பெற்றோர் கூலி தேடி வெளியூருக்குப் போகவேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் ஜவ்வாதுமலையினரும் உண்டு என்பது அந்தத் தேடலின் கடைசி எல்லை எதுவென்று காட்டியது. அப்பா அம்மா ஊரில் இல்லாத மாதங்களில் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது உண்டு உறைவிடப் பள்ளியின் சோறும் படுக்கையும்தான். அதனால் சமவெளியிலிருந்து போர்வை, நோட்டுப் புத்தகம், காலணி, பழைய துணி எனக் கொடைகள் மலை ஏறுகின்றன. தேவை உண்மையானது; கொடுப்பவர்களின் மனமும் உண்மையானது. ஆனால் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துக் கொடுக்கும் போர்வையில், வாங்கும் பிள்ளையின் மானத்துக்கு இடமில்லை.

இதைவிட வலிப்பது மாறுவேட மேடையில் நடக்கிறது. சமவெளிப் பள்ளிகளின் போட்டிகளில் மலைவாசி என்றோ ஆதிவாசி என்றோ ஒரு வேஷம் நெடுநாளாக இருக்கிறது. உடம்பெல்லாம் கரி, இடுப்பில் தழை, தலையில் இறகு, கையில் ஈட்டி, வாயில் பொருளற்ற கூச்சல். ஜவ்வாதுமலையில் அப்படி உடுத்தியவர் யாரும் இல்லை. மலையாளிகள் சேலையும் வேட்டியும் உடுத்துபவர்கள். ஏர் பூட்டி உழுபவர்கள். ஊருக்கும் நாட்டுக்கும் தலைவர்களை வைத்து வழக்குத் தீர்த்துக்கொண்ட முறையுடையவர்கள். அவர்கள் மலையில்தான், காவலூரில், வைணு பாப்பு வானியல் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போளூரிலோ திருப்பத்தூரிலோ உயர்கல்விக்கு இறங்கும் மலைப்பிள்ளை, தன் பெயரில் இன்னொரு பிள்ளை தழை கட்டிக் குதிப்பதைப் பார்க்க நேர்கிறது. இந்த வேஷத்தைப் பள்ளிகள் முற்றாக விட்டுவிடவேண்டும்.

கொடுப்பதற்குப் பெரிய வீடு வேண்டியதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1962 சீனப் போரின்போது நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் பாதுகாப்பு நிதிக்குச் சில்லறை சேர்த்தார்கள். 2018 கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி சைக்கிள் வாங்க உண்டியலில் சேர்த்துவந்த பணத்தை அப்படியே அனுப்பினாள். பள்ளிகளுக்கான கொடை இப்போது பெரியவர்கள் வழியாக முறைப்படுத்தப்பட்டிருக்கிறது: 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டம், முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்குக் கொடுக்க வழி செய்கிறது. அதே கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும் விரிந்து, மாறுவேடப் போட்டியைப் பள்ளி, குறுவளம், வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக ஏறும் போட்டியாக்கியது.

மேடை பெரிதானால் செலவும் பெரிதாகும். நகரத்தில் கட்டபொம்மன் உடையும் பாரத மாதா கிரீடமும் வாடகைக்குக் கிடைக்கும் கடைகள் இருக்கின்றன. ஜவ்வாதுமலைச் சிற்றூரிலிருந்து அந்தக் கடைக்குப் போகவேண்டுமானால் பேருந்துக்காகக் காத்திருந்து மலை இறங்கவேண்டும். அன்றைய கூலியும் போகும், முன்பணமும் கட்டவேண்டும். அதனால் வீட்டில் உள்ள வேட்டியால் முடிகிற காந்தியும் காமராசரும் மலைப்பள்ளிக்கு எளிது. மற்ற வேஷங்கள் ஆசிரியரின் கைப்பணத்தில்தான் சாத்தியம். இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. ஜமா எனப்படும் கூத்துக் குழுக்களில் கிரீடமும் கட்டைகளும் ஒரு பொதுப் பெட்டியில் இருக்கும். இன்று அர்ச்சுனன் கட்டும் கிரீடத்தை நாளை வேறொருவர் கட்டுவார். யாரும் வீட்டிலிருந்து வேஷம் கொண்டுவருவதில்லை. மலைப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு வேஷப் பெட்டி வேண்டும். கலர் டிரெஸ் நாளில் நிதி திரட்டும் நகரப் பள்ளிகளும், குழந்தைகளுக்கென்று பணம் ஒதுக்கும் அமைப்புகளும் அந்தப் பெட்டியை நிரப்பித் தரலாம். போர்வையோடு சேர்த்து ஒரு கறுப்புக் கோட்டும், வெள்ளைத் தலைப்பாகையும், நல்ல ஜிகினா வைத்த ஒரு கட்டபொம்மன் அங்கியும் மலை ஏறட்டும்.